நனைய மறுக்கும் துணி
வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் செயற்கை இழைத் துணிகளைப் பற்றி எழுதிய குறிப்பில், ‘பாலியெஸ்டரைப் பிளாஸ்மாவால் நனைய வைக்கலாம்’ என்று ஒரு வரியைப் போகிற போக்கில் சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்காகக் குமரி மாவட்டத்திலிருந்து மட்டும் இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரே செய்தியைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து, எட்டுக் கேள்விகளாக்கி இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: நாங்கள் விளையாட்டு ஜெர்சிகளுக்கு நீரில் கரைத்த மையால் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்கிறோம். பருத்தியில் மை நன்றாக இறங்குகிறது. பாலியெஸ்டரிலோ மேலேயே நின்று, நாலு சலவைக்குள் விரிசல் விட்டு உதிர்கிறது. பிளாஸ்மா என்பது மின்னலைப் போன்றது என்கிறார்கள். அதில் துணியைக் காட்டினால் எரிந்துபோகாதா? உண்மையில் அங்கே என்ன நடக்கிறது?
– அச்சுப் பட்டறை உரிமையாளர், வடசேரி

பதில்: முதலில் துணி ஏன் நனைய மறுக்கிறது என்று பார்த்துவிடுவோம். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று வலுவாக இழுத்துப் பிடித்துக்கொள்பவை. 20 டிகிரி செல்சியஸில் நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72.8 மில்லிநியூட்டன். அந்தப் பிடியைத் தளர்த்தி நீரைத் தன்மேல் பரவச் செய்ய வேண்டுமானால், அடியில் இருக்கும் திண்மப் பரப்புக்கும் அதற்கு ஈடான ஈர்ப்பு வேண்டும். அந்த ஈர்ப்பைக் காட்டும் பரப்பு ஆற்றல், பாலியெஸ்டருக்கு இதே அளவையில் ஏறத்தாழ 43, பாலிபுரோப்பிலீனுக்கு 30 அளவே. பருத்தியின் செல்லுலோஸ் சங்கிலியில் நீரைப் பற்றிக்கொள்ளும் ஹைட்ராக்சில் தொகுதிகள் அடுக்கடுக்காக இருப்பதால் அங்கே துளி விழுந்ததும் மறைந்துவிடுகிறது. பாலியெஸ்டரில் அப்படிப் பற்றுவதற்கு இடம் குறைவு. இதோடு, இழை ஆலையிலேயே நூல் அறுந்துபோகாமல் ஓடுவதற்காகப் பூசிய எண்ணெயும், பின்னலாடை இயந்திரத்தின் ஊசி எண்ணெயும் துணியில் தங்கியிருக்கும். எனவே உங்கள் மை பாலியெஸ்டரின்மேல்தான் நிற்கிறது என்பதே உறுதியில்லை. பெரும்பாலும் எண்ணெய்ப் படலத்தின்மேல் நிற்கிறது.

இனிப் பிளாஸ்மா. ஒரு வாயுவுக்குப் போதிய மின்னாற்றலைக் கொடுத்தால், அதன் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து, எலக்ட்ரான்களும் அயனிகளும் நடுநிலைத் துகள்களும் கலந்த ஒரு கூட்டமாக அது மாறிவிடுகிறது. மின்னலும் பிளாஸ்மாதான், உங்கள் பட்டறைக் கூரையில் எரியும் ட்யூப் லைட்டின் உள்ளே இருப்பதும் பிளாஸ்மாதான். ட்யூப் லைட்டில் ஓடும் எலக்ட்ரான்களின் வெப்பநிலை பத்தாயிரம் டிகிரியைத் தாண்டும். ஆனாலும் குழாயைக் கையால் தொட முடிகிறது. எலக்ட்ரான் மிக இலேசானது, அது மோதும் அணுவோ பல ஆயிரம் மடங்கு கனமானது. ஈ வந்து மோதினால் எருமை அசையாதது போல, வாயு சூடேறாமல் இருந்துவிடுகிறது. துணிக்குப் பயன்படுவது இந்தக் குளிர்ந்த பிளாஸ்மாதான். தூறல் விழும் இரவில் ஆரல்வாய்மொழிப் பக்கம் உயரழுத்த மின்கம்பிகளின் அடியில் நின்றவர்கள் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலைக் கேட்டிருப்பார்கள். கம்பியைச் சுற்றியுள்ள காற்று அப்போது சிறிதளவு பிளாஸ்மாவாகிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கூட்டத்துக்குள் துணி நுழையும்போது நடப்பது இது. கார்பனும் கார்பனும் சேர்ந்த ஒரு பிணைப்பை முறிக்க ஏறத்தாழ 3.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் போதும்; பிளாஸ்மாவில் உள்ள வேகமான எலக்ட்ரான்களுக்கும், அதிலிருந்து எழும் புறஊதாக் கதிருக்கும், அயனிகளுக்கும் அந்த ஆற்றல் இருக்கிறது. இழையின் மேற்பரப்பில் உள்ள நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் சில அறுகின்றன. அறுந்த முனை சும்மா இராது. அருகில் உள்ள ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு ஹைட்ராக்சில், கார்போனில், கார்பாக்சில் தொகுதிகளாக உருமாறுகிறது. நீருக்குப் பிடித்தமான இந்தத் தொகுதிகள் பருத்தியில் இயல்பாகவே இருப்பவை போன்றவை. கூடவே எண்ணெயின் மிச்சம் சிறிது ஆவியாகிப் போகிறது, வழுவழுப்பான இழைப் பரப்பில் மிக நுண்ணிய மேடுபள்ளங்களும் தோன்றுகின்றன. சில நொடிகளிலிருந்து சில நிமிடங்களுக்குள் வேலை முடிந்துவிடும்.

இதில் நீங்கள் மறக்கக் கூடாதது ஆழம். மாற்றம் நிகழ்வது சில பத்து நானோமீட்டருக்குள் மட்டுமே. உங்கள் ஜெர்சியின் ஓர் இழை 15 மைக்ரான் தடிமன் என்றும், மாறிய படலம் 10 நானோமீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், அது மூன்று மீட்டர் தடிமனுள்ள கோட்டை மதிலில் இரண்டு மில்லிமீட்டர் பூச்சு பூசியதற்குச் சமம். துணியின் வலிமையும் எடையும் ஏறத்தாழ அப்படியே இருப்பதற்குக் காரணம் இதுதான். பயன் நெடுநாள் நிற்காததற்கும் இதுவே காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, வெளியூர் ஆய்வகம் ஒன்றில் ஐந்து மீட்டர் பாலியெஸ்டர் துணியைப் பிளாஸ்மாவில் காட்டி வாங்கி வந்தேன். அங்கே சோதித்தபோது துளி இரண்டு நொடிக்குள் உள்ளே இறங்கியது. பெருமையோடு சுருட்டி, பாலித்தீன் உறையில் போட்டு, இரவு ரயிலில் நாகர்கோவிலுக்குக் கொண்டுவந்து, அலமாரியில் வைத்துவிட்டு மற்ற வேலைகளில் மூழ்கிவிட்டேன். மூன்று வாரம் கழித்து, சித்திரை வெயிலில் அதை வெளியே எடுத்தேன். துளி அரை நிமிடம் வரை மேலேயே நின்றது. சுருளை அழுத்திப் பிடித்திருந்த ஓரத்தில், என் கட்டைவிரல் ரேகை பதிந்த இடத்தில் மட்டும் அது முத்துப்போல் உருண்டு, இறங்கவே இல்லை. பலபடிச் (பாலிமர்) சங்கிலிகள் கல்லில் செதுக்கியவை அல்ல. அவை மெல்ல அசைந்து திரும்பி, புதிதாக வந்த நீர்விரும்பித் தொகுதிகளை உள்பக்கம் புதைத்துக்கொள்கின்றன. வெப்பம் கூடினால் இந்தத் திருப்பம் விரைவாகிறது. காற்றில் மிதக்கும் எண்ணெயும் தூசியும், ஏன், நம் கைப்பிசுக்கும் வியர்வையும் மேலே படிந்துகொள்கின்றன.

ஆகவே அச்சுக்கு முன்பு துணியைப் பிளாஸ்மாவில் காட்டுவதானால், முடிந்தவரை அன்றே அச்சடித்துவிட வேண்டும். மை இறங்கி, அதைத் துணியோடு ஒட்டவைக்கும் பைண்டர் இழையைப் பற்றிக்கொண்ட பிறகு சங்கிலிகள் எப்படித் திரும்பினாலும் அதிகம் கவலையில்லை. ஆனால் அதற்குமுன் இரண்டு எளிய சோதனைகளைச் செய்யுங்கள். ஒரு ஜெர்சியை வெந்நீரிலும் சோப்பிலும் நன்றாகக் கழுவி, சோப்பு அறவே போக அலசி, காயவைத்து அச்சடித்துப் பாருங்கள். பிறகு உங்கள் பைண்டர் கேட்கும் வெப்பமும் நேரமும் (பெரும்பாலானவை 150 டிகிரி அளவில் சில நிமிடங்கள் கேட்கும்) அச்சுக்கு முழுமையாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். எனக்கு வந்த புகார்களில் பாதிக்குமேல் இந்த இரண்டோடு தீர்ந்திருக்கின்றன.

கேள்வி: பிளாஸ்மா என்பது இரத்தத்தில் இருப்பதல்லவா? அதைத் துணியில் பூசுகிறார்களா?
– வாசகி, தக்கலை

பதில்: இல்லை அம்மா. பெயர் ஒன்று, பொருள் வேறு. மின்னேறிய வாயுவுக்கு இந்தப் பெயரைச் சூட்டியவர் அமெரிக்க வேதியியலாளர் இர்விங் லாங்மியூர், ஆண்டு 1928. இரத்தத்தின் நீர்ப்பகுதிக்கு அந்தப் பெயர் அதற்கு முன்பே வழக்கில் இருந்தது. நனைய வைப்பதற்காகத் துணியில் எதையும் பூசுவதில்லை.

கேள்வி: என் மகனின் பள்ளிச் சீருடைச் சட்டை மதியத்துக்குள் முதுகில் ஒட்டிக்கொள்கிறது. வியர்வையை உறிஞ்சும்படி பிளாஸ்மா செய்த சட்டைத்துணி கடையில் கிடைக்குமா?
– இல்லத்தரசி, திருவட்டாறு

பதில்: அப்படி ஒரு முத்திரையோடு துணி விற்றால் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். மேலே சொன்ன காரணத்தால், பிளாஸ்மா மட்டும் கண்ட துணி ஆலையிலிருந்து கடை வழியாக உங்கள் கைக்கு வந்து சேர்வதற்குள்ளேயே பாதிக் குணத்தை இழந்திருக்கும். சில சலவைகளில் மிச்சமும் போகும். அதன் வேலை சாயத்துக்கோ பூச்சுக்கோ ஒட்டுக்கோ வழிவிடுவது.

உங்கள் கேள்வியில் இரண்டு வேறு குணங்கள் கலந்திருக்கின்றன. உறிஞ்சுதல் என்பது நீர் இழைக்குள்ளேயே நுழைவது. வழக்கமான சோதனைச் சூழலில் பருத்தி தன் எடையில் 8 விழுக்காடு அளவுக்குக் காற்றிலிருந்தே ஈரத்தை எடுத்துக்கொள்ளும், நைலான் 4 விழுக்காடு எடுக்கும். பாலியெஸ்டர் எடுப்பது 0.4 மட்டுமே. பிளாஸ்மாவால் இந்த 0.4-ஐ மாற்ற முடியாது, ஏனென்றால் இழையின் உட்புறத்தை அது தொடுவதே இல்லை. கடத்துதல் என்பது வேறு: வியர்வை இழைகளுக்கு இடையே உள்ள சந்துகளில் பரவி, அகலமான பரப்பிலிருந்து ஆவியாவது. விளையாட்டுச் சட்டைகள் இந்த முறையில்தான் இயங்குகின்றன. அதற்காக இழையிலேயே வரிப்பள்ளம் விட்டு நூற்பதும், நீர்விரும்பும் ஃபினிஷ் கொடுப்பதும் உண்டு. நம் மாவட்டத்தின் ஈரக் காற்றில் பரவிய வியர்வையும் எளிதில் உலராது என்பது இன்னொரு சிக்கல்.

பள்ளி அனுமதித்தால் பருத்தி கூடுதலாகக் கலந்த துணியைத் தைத்துக் கொடுங்கள். மாற்ற முடியாதென்றால், சலவையில் துணி மென்மையாக்கும் திரவத்தை நிறுத்திவிடுங்கள். துணியை மெத்தென்று ஆக்கும் அந்தக் கொழுப்புப் படலமே நீரை விரட்டவும் செய்யும்.

கேள்வி: கல்லூரிச் செயல்திட்டத்துக்காகப் பாலியெஸ்டர் துணியின் நனைதிறனை அளக்க வேண்டும். தொடுகோணம் அளக்கும் கருவி எங்கள் துறையில் இல்லை. கருவி இல்லாமல் ஏற்கத்தக்க முறையில் அளக்க வழி உண்டா?
– ஜவுளித் தொழில்நுட்ப மாணவி, நாகர்கோவில்

பதில்: கருவி இல்லாதது உங்களுக்கு நல்லதே. துளியின் விளிம்பு பரப்பைத் தொடும் இடத்தில் உண்டாகும் தொடுகோணம், வழவழப்பான ஏட்டுக்கு (ஃபிலிமுக்கு) ஏற்ற அளவு. அதைப் பற்றி 1805-இல் ஆங்கில அறிவியலாளர் தாமஸ் யங் சொன்ன விதி சமதளப் பரப்பைப் பற்றியது. சுத்தமான பாலியெஸ்டர் ஏட்டில் நீரின் தொடுகோணம் 75 முதல் 80 டிகிரி வரை இருக்கும். பிளாஸ்மாவுக்குப் பின் பெரும்பாலும் 50-க்குக் கீழே இறங்கும். துணியோ சமதளம் அன்று. இழை, சந்து, சந்தில் சிக்கிய காற்று, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மயிர் எல்லாம் சேர்ந்தது. அதே பாலியெஸ்டரை நெய்து துளி வைத்தால், துளிக்கு அடியில் காற்று சிக்கிக்கொண்டு கோணம் 100-க்கு மேலும் காட்டலாம். அந்த எண்ணை இழையின் குணம் என்று எழுதிவிட்டால் உங்கள் வழிகாட்டி கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இராது.

துளிச் சோதனை செய்யுங்கள். துணியை எம்ப்ராய்டரி வளையத்தில் சுருக்கமில்லாமல் மாட்டுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைச் சிறிய சிரிஞ்சில் எடுத்து, ஊசி முனையைத் துணிக்கு ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்து ஒரே ஒரு துளியை விடுங்கள். இப்போது மேலே எரியும் ட்யூப் லைட்டின் பிரதிபலிப்பு அந்தத் துளியின் முதுகில் வெள்ளைக் கீற்றாகத் தெரியும். கண்ணைத் துளியின் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்துக்கொண்டு அந்தக் கீற்றையே பாருங்கள். முதலில் அது கூர்மையாக இருக்கும்; பிறகு நீண்டு, விளிம்பு கலைந்து, ஒரு கணத்தில் அணைந்து, அங்கே ஈரமான மங்கிய வட்டம் மட்டும் மிஞ்சும். கீற்று அணைந்த நொடிதான் உங்கள் அளவு. அறுபது நொடி தாண்டியும் அணையாவிட்டால் ‘60-க்கு மேல்’ என்று எழுதிவிட்டு அடுத்த துளிக்குப் போங்கள். துணியின் வெவ்வேறு இடங்களில் பத்துத் துளிகளாவது வேண்டும். இடத்துக்கு இடம் மாறும் வேறுபாடும் ஒரு முடிவுதான், அதைச் சராசரியில் மறைத்துவிடாதீர்கள்.

அடுத்தது ஏற்றச் சோதனை. நீளவாக்கில் ஒன்றும் குறுக்குவாக்கில் ஒன்றுமாக, இரண்டரை சென்டிமீட்டர் அகலமும் இருபது சென்டிமீட்டர் நீளமும் உள்ள பட்டைகளை வெட்டுங்கள். சென்டிமீட்டர் கோடுகளைப் பென்சிலால் போடுங்கள், பேனா மை நீரோடு ஏறிவிடும். பட்டையின் நுனி நீரில் ஒரு சென்டிமீட்டர் மூழ்கும்படி தொங்கவிட்டு, நீர் ஏறிய உயரத்தை நிமிடத்துக்கு நிமிடம் குறியுங்கள். தொடக்கத்தில் உயரத்தின் வர்க்கம் நேரத்துக்கு நேர்விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது 1921-இல் அமெரிக்க வேதியியலாளர் வாஷ்பர்ன் தந்த கணக்கு. அதன்படி, ஒரு நிமிடத்தில் இரண்டு சென்டிமீட்டர் ஏறிய நீர் நான்காவது நிமிடத்தில் நான்கு சென்டிமீட்டரை எட்டும். அந்தக் கணக்கிலிருந்து உங்கள் அளவு விலகினால், புவியீர்ப்பும் ஆவியாதலும் குறுக்கிடுகின்றன என்று பொருள். மின்விசிறியை நிறுத்துங்கள், ஆனி, ஆடியில் செய்வதானால் சன்னல்களையும் சாத்திவிடுங்கள். நம்மூர்க் காற்று பட்டையின் மேல்பாதியைக் காயவைத்தே உங்கள் முடிவைக் கெடுத்துவிடும்.

துணியைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். என் கட்டைவிரல் கதையை மேலே எழுதிவிட்டேன். பிளாஸ்மா செய்த நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள் என்று ஒரே துணியைத் திரும்பத் திரும்ப அளந்தால் அதுவே நல்ல செயல்திட்டமாகிவிடும். ஒரு துண்டைக் கழுவியும் அளங்கள். பிளாஸ்மா அளவு மிஞ்சியிருந்தால், அறுந்த சிறு சங்கிலித் துண்டுகள் மேலே தூள்போலக் கிடந்து நீரை ஈர்க்கும். கழுவியதும் அவை போய்விடும், நனைதிறனும் கூடவே போய்விடும்.

கேள்வி: நைலான் வலையும் பிளாஸ்டிக் வலையும் வைத்திருக்கிறோம். பிளாஸ்டிக் வலை நீரில் இறங்காமல் மிதக்கிறது. பிளாஸ்மா செய்தால் நீரை ஏற்றுக்கொண்டு மூழ்குமா?
– மீனவர், முட்டம்

பதில்: மூழ்காது. மிதப்பதும் மூழ்குவதும் பொருளின் அடர்த்தியால் வருபவை. நீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால், நைலானின் அடர்த்தி 1.14, பாலியெஸ்டருக்கு 1.38, இரண்டும் கடல்நீரை விடக் கனமானவை. நீங்கள் பிளாஸ்டிக் என்று குறிப்பிடும் பாலித்தீன் 0.95 அளவு, பாலிபுரோப்பிலீன் 0.91. மேற்பரப்பில் சில நானோமீட்டரை மாற்றுவதால் இந்த எண்கள் அசையப் போவதில்லை. ஈயக்குண்டுதான் உங்கள் விடை. வலைக்குச் சாயமோ பாதுகாப்புப் பூச்சோ ஒட்டாமல் உரிகிறது என்றால் பிளாஸ்மா ஓரளவு உதவக்கூடும். ஆனால் முடிச்சு இறுகிய பின் அதன் உட்புறத்தை அது சரியாக எட்டாது. முடிச்சுப் போடுவதற்கு முன்பு நூலாக இருக்கும்போதே செய்தால்தான் பயன்.

கேள்வி: பால்வெட்டுத் தொழிலாளர்களுக்காகப் பாலியெஸ்டர் துணியில் ரப்பர் பால் பூசி மேலங்கி செய்து பார்த்தோம். காய்ந்ததும் நன்றாக இருக்கிறது. ஒரு மாதத்தில் பாம்புச் சட்டை போல உரிந்துவிடுகிறது. பிளாஸ்மா இதைத் தீர்க்குமா?
– மகளிர் குழு, குலசேகரம்

பதில்: வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ரப்பரும் துணியும் ஒட்டுவது டயர்த் தொழில் பல பத்தாண்டுகளாக மல்லுக்கட்டி வரும் சிக்கல்.

உரிந்த படலத்தைத் திருப்பி, அதன் அடிப்பக்கத்தை ஒரு உருப்பெருக்கியால் பாருங்கள். நெசவின் அச்சு மட்டும் பளபளவென்று பதிந்திருந்து, ஓர் இழைகூட ஒட்டியிராவிட்டால், ரப்பர் துணியைப் பற்றவே இல்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இழைத் துணுக்குகள் பிய்ந்து ஒட்டியிருந்தாலோ, துணியிலும் ரப்பர் மிச்சமிருந்தாலோ, ஒட்டு நன்றாக இருந்து ரப்பர்தான் வலுவிழந்திருக்கிறது. அப்போது கந்தகக் கலவையையும் வேகவைத்த முறையையும் பார்க்க வேண்டும்.

முதல் வகை என்றால் பிளாஸ்மாவுக்கு இடம் உண்டு. ரப்பர் பாலில் உள்ள புரதமும் சோப்புத் தன்மையும் அதன் பரப்பு இழுவிசையை நீரைவிடக் குறைவாக வைத்திருக்கின்றன. எனவே நனைதிறன் கூடிய துணியில் அது இழைகளுக்கு நடுவே எளிதாக இறங்கிக் காய்ந்து, பிடித்துக்கொள்ளும். ஆனால் நனைவது வேறு, ஒட்டுவது வேறு. காய்ந்த இயற்கை ரப்பர் எண்ணெய்க் குணமுள்ள பொருள். பிளாஸ்மா துணியில் உண்டாக்குபவையோ நீருக்கு உறவான தொகுதிகள். இரண்டுக்கும் நடுவே தரகர் ஒருவர் வேண்டும். ரெசார்சினால், ஃபார்மால்டிஹைடு, ரப்பர் பால் மூன்றையும் சேர்த்த கரைசலில் துணியை முக்கி எடுப்பது டயர்க்காரர்களின் வழி. பாலியெஸ்டருக்கு அதுவும் தனியாகப் போதாமல், எபாக்சி போன்ற இன்னொரு முன்பூச்சும் கொடுப்பார்கள். அந்த முன்பூச்சின் வேலையை ஓரளவு பிளாஸ்மாவால் செய்விக்கலாம் என்பதே ஆய்வாளர்களின் நாட்டம். ஃபார்மால்டிஹைடு கண்ணையும் மூச்சையும் கெடுக்கும் பொருள், புற்றுநோயோடும் தொடர்புடையது. வீட்டுத் திண்ணையில் வைத்துக் கலக்கும் வேலை இது அன்று.

உங்களுக்கு நான் சொல்வது எளிய வழி. துண்டுபடாத நீண்ட இழைகளால் ஆன பாலியெஸ்டரை விட்டுவிட்டு, பருத்தித் துணியையோ பருத்தி கலந்த துணியையோ அடித்துணியாக எடுங்கள். பருத்தி நூலின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நுண்மயிர்களை ரப்பர் சுற்றி வளைத்துப் பிடித்துக்கொள்ளும். வேதியியல் கைவிட்டாலும் இந்தப் பிடி கைவிடாது. பூசுவதற்கு முன் கஞ்சிப்பசையும் எண்ணெயும் போகத் துணியைக் கழுவுங்கள். முதல் பூச்சை நீர்த்த பாலாகக் கொடுத்து உள்ளே இறங்கவிட்டு, அது முழுவதும் காய்வதற்குமுன் அடுத்த பூச்சைக் கெட்டியாகக் கொடுங்கள். கலவை விகிதங்களுக்கு ரப்பர் வாரியத்தின் கீழ் கோட்டயத்தில் இயங்கும் இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: நனைய வைப்பது இருக்கட்டும். சேம்பிலையில் நீர் உருள்வதுபோல் துணியிலும் உருளச் செய்யப் பிளாஸ்மாவால் முடியுமா?
– ஆசிரியர், அருமனை

பதில்: முடியும், வாயுவை மாற்றினால் போதும். காற்றோ ஆக்சிஜனோ இருந்த இடத்தில் ஃப்ளூரின் அடங்கிய வாயுவையோ சிலிக்கான் அடங்கிய ஆவியையோ செலுத்தினால், இழையின்மேல் நீரை விரட்டும் மெல்லிய படலம் படியும். சேம்பிலையில் நுண்ணிய மேடுகளும் மெழுகும் சேர்ந்து செய்யும் வேலை இது. ஆனால் ஃப்ளூரின் வாயுக்களில் எனக்கு ஒப்புதல் இல்லை. அவற்றுள் ஒன்றான சல்பர் ஹெக்ஸாஃப்ளூரைடு, எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடை விட இருபதாயிரம் மடங்குக்குமேல் புவியைச் சூடேற்றக்கூடியது. மழைக்கோட்டுக்குச் சிலிக்கான் வழியே போதும்.

கேள்வி: சிறு அச்சுப் பட்டறைகள் பத்துப்பேர் சேர்ந்து ஒரு பிளாஸ்மா இயந்திரம் வாங்க எண்ணுகிறோம். ‘நீரும் வேண்டாம், ரசாயனமும் வேண்டாம்’ என்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா?
– பட்டறை உரிமையாளர்கள், நாகர்கோவில்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

இயந்திரம் இரண்டு வகைப்படும். ஒன்றில் துணியை மூடிய கலத்துக்குள் வைத்து, காற்றை ஏறத்தாழ முழுவதும் உறிஞ்சியெடுத்து, ஒரு மில்லிபார் அல்லது அதற்கும் குறைந்த அழுத்தத்தில் வாயுவைச் செலுத்தி, பெரும்பாலும் 13.56 மெகாஹெர்ட்ஸ் மின்னலைவால் பிளாஸ்மா எழுப்புவார்கள். வேலை சீராக இருக்கும். ஆனால் துணிச்சுருள் முழுவதும் கலத்துக்குள் அடங்க வேண்டும். துணியில் ஈரம் இருந்தால் அது ஆவியாகி வந்துகொண்டே இருக்கும், வேக்குவம் பம்ப் இழுத்துக்கொண்டே இருக்கும். நம் ஊர்ப் பருத்திக் கலப்புத் துணியோடு ஐப்பசி மாதத்தில் இதை நினைத்துப் பாருங்கள்.

மற்றொன்று திறந்த காற்றிலேயே இயங்குவது. இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே கண்ணாடியோ பீங்கானோ தடுப்பாக இருக்கும், சில மில்லிமீட்டர் இடைவெளியில் துணி ஓடிக்கொண்டிருக்கும், ஊதா நிறத்தில் மின்னிழைகள் பாயும். காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டவே ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும் என்பதால், இது கிலோவோல்ட் கணக்கில் ஓடும் இயந்திரம். பிளாஸ்டிக் ஏடுகளில் அச்சடிப்பவர்கள் இதன் உடன்பிறப்பான கொரோனா இயந்திரத்தைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறார்கள். துணியில் மின்னிழை ஒரே இடத்தில் நிலைத்துவிட்டால் ஊசித்துளை விழும். காற்றின் ஈரப்பதம் மாறினால் விளைவும் மாறும். ஹீலியம் கலந்தால் சீராகும், ஆனால் ஹீலியத்தின் விலை உங்கள் இலாபத்தை விழுங்கிவிடும். கூடவே ஓசோன் உண்டாகும். எட்டு மணி நேர வேலையில் பத்து இலட்சத்தில் 0.1 பங்குக்குமேல் அதைச் சுவாசிக்கக் கூடாது; உறிஞ்சு குழாய் கட்டாயம். இழுத்துக் கட்டிய இயற்கை ரப்பர் வளையங்கள் பட்டறையில் காரணமில்லாமல் வெடிப்பு விட்டால், ஓசோன் கசிகிறது என்று கொள்ளலாம். இந்த மாவட்டத்தில் ரப்பர் வளையத்துக்குப் பஞ்சமில்லை என்றாலும், அதை நம்பாமல் முறையான அளவுகருவி வையுங்கள்.

‘நீர் வேண்டாம்’ என்பது பாதி உண்மை. எண்ணெயோடு வரும் துணியைப் பிளாஸ்மாவில் காட்டினால் எண்ணெய்தான் மாறும், இழை மாறாது; ஆகவே அதற்குமுன் சலவை வேண்டும், சலவைக்கு நீர் வேண்டும். காஸ்டிக் சோடாவால் பாலியெஸ்டரை அரித்து நனைய வைக்கும் பழைய வழியோடு ஒப்பிட்டால் மட்டும் அந்த விளம்பரம் சரி. காஸ்டிக் முறையில் துணி எடையில் பத்து விழுக்காட்டுக்குமேல்கூடக் கரைந்து கழிவுநீரில் போகும். அந்த நீரைத் தூய்மைப்படுத்தாமல் பழையாற்றில் விட முடியாது, விடவும் கூடாது.

அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனமும், காந்திநகரில் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தின் கீழ் இயங்கும் தொழிற் பிளாஸ்மா மையமும் சேர்ந்து, வழுக்கி நழுவும் அங்கோரா முயல் மயிரை நூற்கத்தக்கதாக்கத் திறந்த காற்றுப் பிளாஸ்மா இயந்திரத்தை உருவாக்கியிருக்கின்றன. அந்தத் தொழிலில் மயிர் நழுவுவது ஒன்றே தீராத தடையாக இருந்தது, அதற்குப் பிளாஸ்மா பொருந்தியது. உங்கள் தொழிலில் அப்படித் தீராத தடை எது என்பது இன்னும் தெளிவாகவில்லை. வடசேரி நண்பருக்கு எழுதிய பதிலில் உள்ள இரு சோதனைகளையும் பத்துப் பட்டறைகளிலும் ஒரு மாதம் செய்து பாருங்கள். அப்படியும் மை உதிர்ந்தால், கழுவிய துணியில் இருபது மீட்டரை எடுத்துக்கொண்டு விற்பனையாளரின் இயந்திரம் இருக்கும் இடத்துக்கு நீங்களே போய், உங்கள் கண்முன் ஓட்டச் சொல்லுங்கள். பாதியை அன்றே அங்கேயே உங்கள் மையால் அச்சடியுங்கள், மீதியை ஊருக்குக் கொண்டுவந்து பத்து நாள் கழித்து அச்சடியுங்கள். இரண்டையும் இருபது முறை சலவை செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, இயந்திரத்தின் விலையைக் கேளுங்கள்.